ஹஜ் கமிட்டியா, தனியாரா, இப்போதைக்கு உம்ராவா?

மண்ணடி அங்கப்ப நாயக்கன் தெருவில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை விட்டதும், செருப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கையில் இரண்டு நோட்டீஸாவது திணித்துவிடுவார்கள். "15 நாள் உம்ரா, ஹரம் அருகில் தங்குமிடம், தென்னிந்திய உணவு, அனுபவமிக்க ஹஜ்ரத் வழிகாட்டுதல்." போன வாரம் எதிர்வீட்டு மாமா அப்படி நாலு நோட்டீஸைக் கொண்டுவந்து என் மேஜைமேல் பரப்பினார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 66, சர்க்கரை உண்டு. மாமிக்கு 58, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். பணிக்கொடையில் மிச்சம் பிடித்து வைத்த பணம் பத்து லட்சம் போல இருக்கிறது.

"எதுல போறது தம்பி? கமிட்டியில போட்டா குலுக்கல்ல வருமோ வராதோங்கறான். பிரைவேட்ல ஏழு லட்சம் கேக்கறான். பேசாம உம்ராவுக்குப் போயிட்டு வந்துடலாமான்னு உங்க மாமி சொல்றா."

அரசின் ஹஜ் கமிட்டி, தனியார் நிறுவனம், உம்ரா என்று எங்கள் குடும்பத்தில் மூன்று வழியிலும் ஆள் போய் வந்திருக்கிறார்கள். அக்காவும் மச்சானும் 2023இல் தனியார் வழியாக ஹஜ். நானும் அத்தாவும் (அப்பா) 2024இல் கமிட்டி வழியாக. அதற்கு முன் என் மாமியாரை ஒரு உம்ரா குரூப்பில் அழைத்துப்போய்ப் பட்ட பாடு தனி. அதனால் மாமாவிடம் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் மாமி சொன்ன யோசனை. உம்ரா என்பது ஆண்டின் மற்ற நாட்களிலும் செய்யக்கூடிய சிறிய மக்கா யாத்திரை. அதை எத்தனை முறை செய்தாலும் ஹஜ் கடமை நீங்காது. ஷாஃபி மத்ஹபில் (சட்டப் பிரிவில்) உம்ராவும் ஆயுளில் ஒருமுறை கடமை, ஹனஃபியில் வலியுறுத்தப்பட்ட சுன்னத் (நபிவழி). ஆனால் நம் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் செய்வது தமத்துஃ முறை ஹஜ். போனதும் உம்ரா, பிறகு இஹ்ராம் (யாத்திரைக்கான உடையும் கட்டுப்பாடும்) களைந்து காத்திருந்து, துல்ஹஜ் மாதம் 8இல் மறுபடி இஹ்ராம் கட்டி ஹஜ். ஆக ஹஜ்ஜுக்குப் போகிறவருக்கு உம்ராவும் கூடவே முடிந்துவிடுகிறது. கையில் பத்து லட்சமும் நடக்கிற உடம்பும் இருக்கும்போது அதில் இரண்டரை லட்சத்தை உம்ராவுக்குச் செலவழித்துவிட்டு, "ஹஜ்ஜுக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த "அப்புறம்" வருவதற்குள் முழங்கால் காத்திருக்காது. எங்கள் அம்மாவும் அப்படித்தான் தள்ளித் தள்ளிப் போட்டார். கடைசியில் அவருக்குப் பதிலாக வேறொருவர் செய்யும் பதல் ஹஜ்தான் செய்ய வேண்டியிருந்தது.

பணம் அவ்வளவு இல்லை, அல்லது கடன் அடைக்க வேண்டியிருக்கிறது என்றால் கதை வேறு. அவர்களுக்கு உம்ரா நல்ல வழி. அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி கமிட்டி. இந்தியாவுக்கு மொத்த இடம் 1,75,025. 2025 ஹஜ்ஜுக்கு இதை 70க்கு 30 என்று பிரித்தார்கள். கமிட்டிக்கு 1,22,518, தனியாருக்கு 52,507. கமிட்டிக்கு விண்ணப்பிப்பது இணையத்திலோ ஹஜ் சுவிதா செயலியிலோதான். தமிழ்நாடு ஹஜ் கமிட்டி அலுவலகம் நுங்கம்பாக்கம் நெடுஞ்சாலையில், ரோஸி டவரில் இருக்கிறது. மண்ணடியில் இருநூறு, முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பதிந்து கொடுக்கும் கடைகளும் உண்டு. அங்கே போனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கைபேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். கடைக்காரர் தன் எண்ணைக் கொடுத்துவிட்டால் தவணை கட்டச் சொல்லும் செய்தியெல்லாம் அவருக்குத்தான் போகும். தேதி தவறினால் இடம் போய்விடும்.

குலுக்கல் பயம் மாமாவுக்கு உண்மையில் தேவையே இல்லை. 65 வயதைக் கடந்தவர்களுக்குத் துணையோடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. குலுக்கலுக்கு முன்பே அவர்களுக்கு இடம் கொடுத்துவிடுகிறார்கள். நாங்கள் போனபோது வரம்பு 70, அத்தாவுக்கு 71. 2025இலிருந்து அதை 65 ஆக்கினார்கள். மஹ்ரம் (கணவர் அல்லது மிக நெருங்கிய ஆண் உறவினர்) இல்லாமல் போகும் 45 வயது கடந்த பெண்களுக்கும் இப்படித் தனி ஒதுக்கீடு உண்டு.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. துணை ஒருவர் கட்டாயம். மாமிக்கு 58 என்பதால் காகிதத்தில் மாமியே துணையாகிவிடுவார். நடைமுறையில்? முழங்கால் வலிக்காரர் ஒருவர் சர்க்கரைக்காரர் ஒருவருக்குத் துணை! இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ள மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டும். அவர்கள் மகனையும் சேர்த்துக்கொள்ள அந்த ஒதுக்கீட்டில் வழி இல்லை என்றால், மூன்று பேரும் ஒரே கவராக (ஒரே விண்ணப்பமாக) பொதுக் குலுக்கலில்தான் நிற்க வேண்டும். உறுதியான இடமா, உடன் வரும் மகனா என்றால் நான் மகனைத்தான் தேர்ந்தெடுப்பேன். முதல் ஆண்டு குலுக்கலில் வராவிட்டால் இரண்டாம் ஆண்டு முயலலாம். துணை விதிகளில் ஒவ்வோர் ஆண்டும் எதையாவது மாற்றுகிறார்கள். அதனால் அந்தந்த ஆண்டின் வழிகாட்டியை வரி விடாமல் படித்துவிட்டுத்தான் பதிய வேண்டும்.

பணக் கணக்கு எளிது. கமிட்டியில் ஆளுக்கு நான்கு லட்சத்தை ஒட்டி, மூன்று தவணையாக. தனியாரில் மண்ணடியில் விசாரித்தவரை ஏழு லட்சத்தில் தொடங்கி மேலே போகிறது. ஜிஎஸ்டியும் அதில் சேரும். அதை நீக்கச் சொல்லித் தனியார் நிறுவனங்கள் போட்ட வழக்கை 2022இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. டிசிஎஸ் என்று முன்கூட்டியே ஒரு வரியும் பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும், ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆக, கமிட்டியில் மூன்று பேர் போகும் செலவைவிடத் தனியாரில் இரண்டு பேர் போகும் செலவு அதிகம். இந்த ஒரு வரிக் கணக்கைத்தான் மாமாவுக்குத் தாளில் எழுதிக் காட்டினேன். மிச்சமாகும் பணத்தில் வாங்கக்கூடிய மிகப் பெரிய வசதி, கூட வரும் மகன்.

ஆனால் கமிட்டியில் எதை இழக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். மக்காவில் தங்குமிடம் அஜீஸிய்யாவில். கஅபா இருக்கும் பெரிய பள்ளிவாசலான ஹரம் ஷரீஃபுக்கு அங்கிருந்து பல கிலோமீட்டர், பஸ்ஸில்தான் போக வேண்டும். இறங்கும் இடத்திலிருந்து ஹரம் வாசல்வரை நடை. ஐந்து வேளையும் ஹரமில் தொழ வேண்டும் என்ற ஆசையில் முதல் நான்கு நாளும் ஓடி ஓடி அத்தா ஐந்தாம் நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். அதன்பிறகு, இரவு உணவை முடித்துவிட்டுக் கிளம்பி, தஹஜ்ஜுதும் (பின்னிரவுத் தொழுகை) ஃபஜ்ரும் (அதிகாலைத் தொழுகை) ஹரமில் தொழுது, வெயில் ஏறுவதற்குள் அறைக்குத் திரும்பி, பகல் தொழுகைகளைப் பக்கத்துப் பள்ளியில் தொழுவது என்று வைத்துக்கொண்டோம். ஹஜ் நாட்கள் நெருங்கும்போது கூட்டத்தை முன்னிட்டு அந்த பஸ்களையும் நிறுத்திவிடுவார்கள். அந்த நாட்களை ஓய்வு நாட்களாக எடுத்துக்கொள்ளுங்கள், டாக்சி பிடித்துப் போராடாதீர்கள்.

அறையில் நாலைந்து பேர். யார் என்று நமக்குத் தெரியாது. எங்கள் அறையில் திருப்பத்தூர்க்காரர் ஒருவர் இரவு முழுக்கக் குறட்டை, அதிகாலையில் அவரே எல்லோருக்கும் சாயா. நாற்பது நாள் இப்படி. இப்போது இருபது நாளில் திரும்பும் குறுகிய திட்டமும் கமிட்டி கொண்டுவந்திருக்கிறது. வேலையில் இருக்கும் மகனுக்கு லீவு கிடைக்க அது உதவலாம்.

தனியாரில் போன அக்காவின் கதையைக் கேட்டால் முதலில் பொறாமையாக இருக்கும். முதல் எட்டு நாள் மணிக்கூண்டு கோபுரத்தின் பக்கத்திலேயே ஹோட்டல், லிஃப்டில் இறங்கினால் ஹரம் முற்றம். ஆனால் எட்டாம் நாள் இரவு மூட்டை கட்டச் சொல்லி அஜீஸிய்யாவுக்கு மாற்றிவிட்டார்கள். இதற்கு "ஷிஃப்டிங்" என்று பெயர். நோட்டீஸில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. ஹஜ் நாட்களை ஒட்டி ஹரம் பக்கத்து ஹோட்டல் வாடகை எகிறிவிடும் என்பதால் பெரும்பாலான குரூப்பில் இதுதான் வழக்கம். ஹோட்டல் எவ்வளவு அருகில் என்று மட்டும் கேட்டால் ஏமாந்துபோவோம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை அந்த ஹோட்டல் என்பதை எழுதி வாங்க வேண்டும்.

அக்காவுக்கு உண்மையிலேயே கிடைத்த லாபம், ஹஜ் நாட்களில் கூடாரத்தில் தங்கும் மினாவில். அவர்கள் கூடாரம் ஜமராத் (கல்லெறியும் இடம்) பக்கம். கல்லெறிந்துவிட்டு அரை மணியில் திரும்பிவிடுவார்களாம். எங்கள் கூடாரம் மினாவின் கடைக்கோடி. போக வர ஏழு கிலோமீட்டருக்குக் குறையாது. 2024 ஜூன் 17, துல்ஹஜ் பிறை 11. ஹரமில் அன்று 51.8 டிகிரி பதிவாயிற்று. எங்கள் ஹஜ்ரத் நண்பகலில் யாரையும் வெளியே விடவில்லை. மாலை அஸர் தொழுதுவிட்டுக் கிளம்பினோம். ஈரத் துண்டைக் குடைக்குள் விரித்துக்கொண்டு அத்தா என் தோளைப் பிடித்து நடந்தார். வழியில் நிழல் கண்ட இடமெல்லாம் உட்கார்ந்தோம். எறிந்துவிட்டுக் கூடாரத்துக்குத் திரும்பும்போது இரவு இஷா தொழுகை முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. அப்போது நான் கூட இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். கல்லெறிய முடியாதவருக்குப் பதிலாக வேறொருவர் எறியலாம் என்ற சலுகை உண்டு. மாமிக்கு அதைத்தான் சொன்னேன். சலுகையை எடுத்துக்கொள்ள வெட்கப்படுகிறவர்கள் நம்மில் அதிகம்.

அந்த ஆண்டு 1,301 பேர் இறந்ததாக சவுதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதி இல்லாமல் போனவர்கள். கூடாரம் கிடையாது, ஏசி பஸ் கிடையாது, கொளுத்தும் வெயிலில் நடைபாதையிலேயே கிடந்தவர்கள். "விசிட் விசாவுல ஹஜ் பண்ணி வெச்சிடறேன் பாய், ரெண்டரை லட்சம்தான்" என்று யாராவது காதில் கிசுகிசுத்தால் அந்தக் கடைப் படியை மறுபடி மிதிக்காதீர்கள். இந்த ஒப்பீட்டில் அதை ஒரு வழியாகவே நான் சேர்க்கவில்லை.

தனியாரில் இன்னொரு ஆபத்து 2025இல் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பணம் கட்டுவது, ஒப்பந்தம் போடுவது எல்லாம் சவுதி கெடுவுக்குள் முடியாததால் தனியாருக்கான 52 ஆயிரம் இடத்தில் பெரும்பகுதி பறிபோயிற்று. பிறகு 10,000 பேருக்கு மட்டும் மறுபடி வாசல் திறந்தார்கள். இஹ்ராம் துணி வாங்கி, கல்யாண வலீமா மாதிரி விருந்து வைத்து, சொந்தக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டு முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களை மண்ணடியில் நானே பார்த்தேன். கமிட்டியில் போனவர்களுக்கு அந்த ஆண்டு இந்தச் சிக்கல் வரவில்லை. அதோடு, மண்ணடியில் பணம் வாங்கும் கடை எல்லாமே அரசிடம் பதிவு பெற்ற ஹஜ் நிறுவனம் என்று நினைத்துவிடக் கூடாது. பலர் வேறு ஊர் நிறுவனத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் துணை ஏஜெண்டுகள். சிறுபான்மையினர் நல அமைச்சகம் வெளியிடும் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பெயரிலேயே ரசீதும் வங்கிப் பரிமாற்றமும் இருக்கும்படி செய்துகொள்ளுங்கள். ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்கு துஆ மட்டும்தான் மிஞ்சும்.

அப்படியென்றால் தனியார் யாருக்கு? மகன், மகள் யாரும் கூட வர முடியாதவர்களுக்கு, முன்பே ஹஜ் செய்து மறுபடி போக விரும்புகிறவர்களுக்கு (கமிட்டி பொதுவாக இரண்டாம் முறை அனுப்புவதில்லை), பணம் ஒரு பொருட்டில்லை என்பவர்களுக்கு. குழுவோடு ஹஜ்ரத்தும் சமையல்காரரும் எப்போதும் கூடவே இருப்பது பெரிய ஆறுதல்தான். கமிட்டியிலும் 150 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் மாநில ஹஜ் ஆய்வாளர்கள் வருகிறார்கள். எங்களோடு வந்தவர் ஓடி ஓடி வேலை செய்தார். ஆனால் அத்தனை பேருக்கும் ஒரே மனுஷன். இந்திய அரசின் மருத்துவ முகாம்கள் மக்காவில் இருப்பதுதான் கமிட்டியின் பெரிய பலம் என்பேன். அத்தாவுக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்தும் ஊசியும் இலவசம், டாக்டர் தமிழில் பேசினார்.

உம்ராவுக்கு வருவோம். இதில் குரூப்பா, நாமே ஏற்பாடு செய்துகொண்டு போவதா என்பதுதான் கேள்வி. சீசன் இல்லாத நாளில் குரூப்பில் ஆளுக்கு ஒரு லட்சம் முன்பின். ரமலானில் அது எங்கேயோ போய்விடும். ஹஜ் நெருங்கும்போது உம்ரா விசா நின்றுவிடும். 2025இல் ஷவ்வால் 15க்குப் பிறகு உள்ளே விடவில்லை, துல்கஃதா 1க்குள் வெளியேறவும் சொன்னார்கள். ஹஜ் முடிந்து முஹர்ரம், ஸஃபர் மாதங்களில் விலையும் குறைவு, கூட்டமும் குறைவு. வெயில்தான் இருக்கும்.

என் மாமியாரை அழைத்துப் போன குரூப் "ஹரமிலிருந்து 400 மீட்டர்" என்றது. மீட்டர் பொய்யில்லை. ஆனால் அது ஹரம் முற்றத்தின் வெளி எல்லையிலிருந்து அளந்த 400. அங்கிருந்து கஅபா தெரியும்வரை இன்னொரு நடை. அதைவிட, ஹோட்டல் இருந்தது மேட்டில். மக்கா மலை ஊர். மண்ணடி, வண்ணாரப்பேட்டை மாதிரி தட்டையான தெருவில் நடந்து பழகின காலுக்கு அந்த ஏற்றம் பெரிய தண்டனை. போகும்போது இறக்கம், களைத்துத் திரும்பும்போது ஏற்றம். மூன்றாம் நாளிலிருந்து மாமியாருக்குச் சக்கர நாற்காலிதான். அதனால் ஹோட்டல் பெயரைக் கேட்டு வாங்கி, கூகுள் மேப்பில் நடைபாதையின் உயரத்தையும் பாருங்கள். பெயர் சொல்லாமல் "ஏதாவது ஒரு நல்ல ஹோட்டல்" என்பவரிடம் முன்பணம் வேண்டாம்.

நாமே போவதானாலும் தங்குமிடத்தை அரசு அங்கீகரித்த தளத்தின் வழியாகவே பதிய வேண்டும். சாச்சா மகன் அப்படித்தான் பெற்றோரை அழைத்துப் போனான். முதலில் மதீனா, நாலு நாள் நிதானமாக. பிறகு மதீனாவை ஒட்டிய பீர் அலியில் இஹ்ராம் கட்டி ஹரமைன் ரயிலில் மக்கா. 450 கிலோமீட்டர் பாதை, இரண்டேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆறேழு மணி நேரம் பஸ்ஸில் முதுகு நோக உட்கார்ந்து போன எனக்கு அதைக் கேட்க எரிச்சலாக இருந்தது. மதீனாவை முதலில் வைத்தால் விமானக் களைப்பு தீர்ந்தபிறகு இஹ்ராம் கட்டலாம். நடுவானில் மீகாத் (இஹ்ராம் கட்ட வேண்டிய எல்லை) தப்பிவிடுமோ என்ற பதற்றமும் இல்லை. மதீனாவில் நபி பள்ளிக்குள் இருக்கும் ரவ்ளாவுக்கு சவுதி அரசின் நுசுக் செயலியில் முன்பதிவு வேண்டும். ஆங்கிலமும் செயலியும் புழங்கத் தெரிந்த பிள்ளை ஒருவர் கூட இருந்தால் இந்த வழி குரூப்பைவிட நிம்மதி. இல்லையென்றால் வேண்டாம். குரூப்பில் தவாஃபும் (கஅபாவைச் சுற்றுவது) தொங்கோட்டமும் (ஸஃபா, மர்வா இடையே நடப்பது) எப்படிச் செய்வது என்று ஒருவர் கூட நின்று தமிழில் சொல்லித் தருவது முதல்முறை போகிறவர்களுக்குச் சாதாரண விஷயமில்லை.

எந்த வழியானாலும் நடை மட்டும் குறையாது. தொங்கோட்டம் ஏழு முறையும் சேர்த்து மூன்று கிலோமீட்டருக்கு மேல். தவாஃபைக் கூட்டத்துக்குப் பயந்து மேல்தளத்தில் செய்தால் ஒரு சுற்றே ஒரு கிலோமீட்டரை நெருங்கும். சக்கர நாற்காலியும் மின் வண்டியும் அங்கே உண்டு. சீருடையும் அடையாள அட்டையும் உள்ளவரிடம் மட்டும் பேசுங்கள். அத்தாவை நான் ஆறு மாதம் முன்பிருந்தே தினமும் ஃபஜ்ருக்குப் பிறகு ராபின்சன் பூங்காவில் நடக்க வைத்தேன். 1949இல் தி.மு.க. தொடங்கப்பட்ட அதே பூங்கா. அத்தா ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தக் கதையைச் சொல்வார். வாங்கிய புதுச் செருப்பை அங்கேயே போட்டுப் பழக்கினோம்.

சாமான் கட்டும்போது மாமிக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டு மசாலாப் பொடி, குருமா சாமான் எதிலும் கசகசா இருக்கக் கூடாது. சவுதியில் அது போதைப்பொருள் கணக்கில் சேரும். மாத்திரைகளை டாக்டர் சீட்டோடு, அட்டையைப் பிரிக்காமல் எடுத்துப் போக வேண்டும். மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும், ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும்.

எல்லாம் கேட்டுவிட்டு மாமா, "சரி, பையனையும் சேத்து கமிட்டியிலயே போட்டுடு தம்பி" என்று எழுந்தார். "பாஸ்போர்ட் எடுத்துட்டு வாங்க மாமா" என்றேன். மாமி பீரோவிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றி மூன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். மாமாவுடையதைப் பிரித்தேன். அடுத்த மார்ச்சோடு காலாவதி. மகனுடைய பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் ஒரு எழுத்து வித்தியாசம். நோட்டீஸ் நாலையும் ஓரமாக ஒதுக்கிவிட்டுப் புதுப்பிப்பதற்குத் தேதி இருக்கிறதா என்று பார்க்க உட்கார்ந்தேன்.